எண்ணால் இயங்கும் பட்டறை

இலக்கவியல் நுட்பம் தொழிற்சாலைக்குள் நேற்றுத்தான் புகுந்ததென்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. துளையிட்ட தாள்நாடாவிலிருந்த எண்களைப் படித்து உலோகத்தை வெட்டும் மில்லிங் இயந்திரமொன்று, அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1952இல் இயக்கிக் காட்டப்பெற்றது. ஹெலிகாப்டர் சுழலிறக்கையின் வளைவை எண்களாகக் கணிக்க முற்பட்ட ஜான் பார்சன்ஸ் என்பாரின் முயற்சியே அதற்கு வித்து.

அதற்குச் சற்று முன்னரே வேறொரு வழியும் தோன்றியிருந்தது; ஆசிரியர்களாகிய நாம் கருதத்தக்கது அதுவே. கைதேர்ந்த தொழிலாளி முதற்பொருளைத் தாமே வெட்டுவார். அவர் இயக்கிய அசைவுகள் காந்த நாடாவில் பதிவாகும். பின்னர் நாடாவே இயந்திரத்தை அவ்வண்ணம் நடத்தும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1940களின் பிற்பகுதியில் இதனைச் செய்து பார்த்தது. ஆயினும் எண்முறையே வென்றது. சிக்கலான வளைவுகளுக்கு அது ஏற்றது என்பது மெய்தான். அமெரிக்க விமானப்படையின் பெரும்பொருளும் அதன் பின்னே நின்றது. விளைவு யாது? வெட்டும் முறையை வகுக்கும் வேலை பட்டறையை விட்டு அலுவலகத்திற்குச் சென்றது.

இன்றோ எண்கள் எதிர்த்திசையிலும் பாய்கின்றன. உணரிகள் இயந்திரத்தின் அதிர்வையும் வெப்பத்தையும் இடையறாது கணினிக்கு அனுப்புகின்றன. பேரிங் தேயத் தொடங்கினால் அதிர்வின் போக்கு மாறும்; முறியுமுன் மாற்றிவிடலாம். முன்னாளில் திருப்புளியின் நுனியை இயந்திரத்தில் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டே இதனைக் கண்டுபிடிப்பர். (காது கூர்மையான அத்தகையோரைத் தோட்டத்து ஆலைகளிலும் கண்டிருக்கிறோம்.) பழைய பதிவுகளைப் பார்த்து, இந்த அதிர்வு இன்ன பழுது என்று கணினிக்குப் பெயரிட்டுக் கொடுக்கவும் அவர்களுடைய அறிவே வேண்டப்படுகிறது.