மேடேறும் சாக்கடை

தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத் தானே ஓடும். பாதாள சாக்கடைக்கு மோட்டார் எதற்கு? ஓடும்தான். ஆனால் எவ்வளவு வேகத்தில் என்பதுதான் சிக்கல்.

கழிவுநீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். குறைந்தால் மணலும் மலமும் அடியில் தங்கிக் குழாயை அடைத்துவிடும். தெருவில் பதிக்கும் 150 மி.மீ. குழாயில் அந்த வேகம் கிடைக்க, ஏறக்குறைய 170 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு தேவை. ஒரு கிலோமீட்டர் போவதற்குள் குழாய் 6 மீட்டர் இறங்கிவிடும். பெரிய குழாய்களுக்குச் சரிவு குறைவாகவே போதும், ஆனாலும் இறங்கித்தான் ஆக வேண்டும். சென்னையோ கடல்மட்டத்திலிருந்து சராசரியாக 6, 7 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். இங்கே ஆழமாகத் தோண்டத் தோண்ட ஊற்று பொங்கும், செலவும் எகிறும். ஆகவே வழியில் கழிவைத் தேக்கி, மேலே தூக்கி, மறுபடி ஓடவிட வேண்டியிருக்கிறது. அந்த வேலையைச் செய்வதுதான் கழிவுநீர் உந்து நிலையம். சென்னையில் இவை இருநூறுக்கும் மேல். கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோ சுத்திகரிக்கப் போகும் கழிவு, வழியில் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்களில் ஏறி இறங்குவதுண்டு.

லண்டனும் இதே கணக்கைப் போட்டது. 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் நாடாளுமன்றத்தையே கலங்கடித்தபின், ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளர் நகருக்குக் குறுக்கே பெருங்கால்வாய்களைக் கட்டினார். மேட்டுப் பகுதிகளின் கழிவு தானாக ஓடியது. தாழ்வான வடகரைப் பகுதியின் கழிவை ஆபி மில்ஸ் நிலையத்தின் நீராவி எந்திரங்கள் 1868 முதல் சுமார் 11 மீட்டர் உயரத்துக்குத் தூக்கின.

இன்றைய நிலையத்தின் உயிர், தரைக்கடியில் இருக்கும் சேகரிப்புக் கிணறு. நீர்மட்டம் ஏறி மேல் மிதவையைத் தூக்கினால் மோட்டார் ஓடும். மட்டம் இறங்கினால் நிற்கும். இந்தக் கிணற்றின் அளவில்தான் பொறியாளரின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. சின்னதாகக் கட்டினால் மோட்டார் அடிக்கடி ஓடி நின்று அதன் கம்பிச்சுருள் கருகும். பெரிதாகக் கட்டினால் கழிவு தேங்கி அழுகும். அரை மணி நேரத்துக்கு மேல் தேங்கக் கூடாது என்கிறது நம் நாட்டு வடிவமைப்பு நெறி. பம்பும் தனி ரகம்: உள்ளே சுழலும் இறக்கைகள் ஒன்றோ இரண்டோதான். நடுவே கிரிக்கெட் பந்து நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருப்பார்கள். ஆனால் பழந்துணியும் நாப்கினும் அதில் சுற்றிக்கொண்டால் பம்பு நின்றுவிடும். அதனால்தான் முன்னால் கம்பிச் சல்லடை.

தேங்கிய கழிவில் காற்று தீர்ந்ததும், நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்குகின்றன. ஈரச் சுவரில் அது கந்தக அமிலமாக மாறி கான்கிரீட்டையே அரிக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் ஆளைக் கொல்லும். பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனாலும் சாவுகள் நிற்கவில்லை. இதைப் பொறுத்துக்கொள்ளவே முடியாது.

ஒரு பம்பு பழுதானால் ஓட இன்னொன்று, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் என்று தயாராக வைத்திருப்பார்கள். பெருமழையில் மழைநீரும் சாக்கடைக்குள் புகுந்து இவை திணறும்போது, கழிவு குழாய் வழியே பின்னோக்கி ஏறும். முதலில் அது பொங்குவது நிலையத்தில் அல்ல, அந்த வட்டாரத்திலேயே தாழ்வாக இருக்கும் வீட்டின் கழிப்பறையில்.