இரண்டாவது சீலம்

தங்கவயல் மனிதர்கள் – 17

சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த எங்கள் லைனில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். இந்தப் பக்கம் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் காலண்டர் விழும். அதனால் விடியற்காலையில் பக்கத்து வீட்டுத் தாத்தா முணுமுணுப்பது எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்கும். புரியாத பாஷை. குழாயடிக்குப் போகக் குடத்தை எடுக்கும் என் அம்மா, ‘புத்தர் தாத்தா ஆரம்பிச்சிட்டாரு, எழுந்திருடா’ என்பாள். முதல் ஷிப்ட் சங்குக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு அதுதான் சங்கு.

போன மூன்று வாரமாகக் கடல் கடந்து இந்தக் கோலார் தங்கவயலுக்கு வந்த பாதிரியார்களைப் பற்றி எழுதினேன். ஊர் பேர் தெரியாத இடத்தில் இருபது, இருபத்தைந்து வயதில் வந்து இறங்கி, வெயிலில் சுருண்டு, தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தவர்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு சபை இருந்தது. மாதாமாதம் படி வந்தது. கடிதம் எழுத வீடு இருந்தது. இந்த வாரம் எழுதப் போகிற மிஷனரிக்கு இது எதுவும் கிடையாது. காலையில் சுரங்கக் கூண்டில் இறங்குவார், சாயங்காலம் ஏறி வருவார், குளித்துவிட்டுப் புத்தரின் தம்மம் பேசப் போவார். பாதிரியாரை மிஷனரி என்று சொன்ன வாயால் இவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. என் அம்மாவுக்குப் ‘புத்தர் தாத்தா’வான அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு லைனில் பெயர் ‘சீலத்தாத்தா’. நானும் அப்படியே எழுதுகிறேன்.

அவர் கதைக்குப் போகுமுன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1898. சித்த வைத்தியரான அயோத்திதாசப் பண்டிதர் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போனார். வயது 53, புது மதத்தைத் தேடிக் கப்பல் ஏறுகிற வயதில்லை. கூட்டிப் போனவர் கர்னல் ஆல்காட். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பட்டாளத்தில் இருந்தவர், 1880இல் இலங்கையின் காலி நகரில் பௌத்தத்தின் ஐந்து ஒழுக்க விதிகளான பஞ்சசீலம் ஏற்றவர். கொழும்பில் வித்தியோதயப் பிரிவெனா என்ற பிக்குகள் கல்லூரியின் தலைவர் சுமங்கல நாயக்க தேரர், பண்டிதருக்குச் சீலம் கொடுத்தார். யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான்: ஒரு தமிழரை ஓர் அமெரிக்கர் அழைத்துப் போய், ஒரு சிங்களப் பிக்குவிடம் நிறுத்துகிறார். ஆனால் பண்டிதர் தான் மதம் மாறியதாக ஒருநாளும் சொல்லிக்கொள்ளவில்லை. தங்கள் முன்னோர் பூர்வ பௌத்தர்கள், பறிகொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்பது அவர் கட்சி. திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அதன் கிளைகளில் வலுவானவை வேறெங்கும் இல்லை. நம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும்தான்.

ஏன் இங்கே? எனக்குத் தோன்றுகிற காரணம் எளிது. 1880இல் தங்கம் தோண்ட ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு, வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்துச் சேரிகளிலிருந்து ஆள் ஆளாக வந்து சேர்ந்தார்கள். இங்கே சுரங்கத்தில் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. தட்டி வீட்டில் மழைக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் கையில் காசாகக் கூலி வந்தது. எதிரே மிராசுதார் வந்தால் தோளில் இருக்கிற துண்டை எடுக்க வேண்டிய தெரு இல்லை. கையில் காசும் தோளில் துண்டும் இருந்தால் மனுஷன் அடுத்தது கேள்வி கேட்பான்.

கேள்விகளுக்கு ஒரு பத்திரிகையும் வந்தது. 1907 ஜூன் 19, புதன்கிழமை, ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’. நாலு பக்கம், விலை பெயரிலேயே இருந்தது. ஒரு வருஷம் கழித்துப் பைசாவை உதறிவிட்டு வெறும் ‘தமிழன்’ ஆயிற்று. சீலத்தாத்தாவின் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. லைனில் படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து வாசிப்பாராம். பத்துப் பேர் கேட்பார்களாம். தீபாவளி என்பது அசுரனைக் கொன்ற நாள் இல்லை, பௌத்த சங்கத்தார் எள்ளிலிருந்து எண்ணெய் எடுக்கக் கண்டுபிடித்த நாள் என்று பண்டிதர் எழுதினார். திருக்குறளை ‘திரிக்குறள்’ என்று எழுதி, திரிபிடகத்தோடு சேர்த்துப் படித்தார். இந்தச் சொல்லாராய்ச்சி எல்லாம் இன்றைக்கு ஒரு மொழியியல் பேராசிரியர் முன்னால் நிற்குமா என்றால், பல இடங்களில் நிற்காது. எனக்கு அதில் சங்கடம் இல்லை. ‘நீ தோற்ற அசுரன் இல்லை, எண்ணெய் கண்டுபிடித்தவனின் பேரன்’ என்று வாசித்துக் காட்டப்பட்ட ஒரு திண்ணையை நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு அந்தப் பத்துப் பேரும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டபோது எப்படி இருந்திருக்கும்!

பண்டிதர் 1914 மே மாதம் காலமானார். பத்திரிகையும் கொஞ்ச காலத்தில் நின்றது. 1926இல் அதை மறுபடி எழுப்பியவர் ஜி. அப்பாதுரையார், இந்த முறை இடம் ராயப்பேட்டை இல்லை, தங்கவயல். பண்டிதரின் நூல்களை ஆண்டர்சன்பேட்டை சித்தார்த்தா புத்தகசாலை அச்சுப் போட்டுக்கொண்டே இருந்தது. நம் சீலத்தாத்தா வருவது இந்த இடத்தில்தான். அப்போது அவருக்கு இருபது, இருபத்தொன்று.

அவர் சொல்லிக் கேட்ட நாள் ஒன்று இப்படி. விடியுமுன் எழுந்து, விளக்கேற்றி, புத்தர் படத்தின் முன் மூன்று சரணம், ஐந்து சீலம். பாலிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. பிறகு பழைய சோறு, லாம்பு, கூண்டு. கூண்டு இறங்கும்போது ஒவ்வொருவரும் தன் தன் சாமி பெயரைச் சொல்லிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். மாதாவே, முருகா, மாரியாத்தா, அல்லா. இவர் வாய்க்குள் சீலத்தையே இன்னொரு தரம் சொல்வார். ‘பயமா தாத்தா?’ என்று கேட்டேன். ‘பின்ன? கீழ போறவன் எல்லாரும் பயந்தவன்தான்’ என்றார்.

ஏறி வந்ததும் குழாயடியில் குளியல். காதுக்குள்ளும் புருவத்திலும் ஒட்டின கல்தூசி லேசில் போகாது. பிறகு கக்கத்தில் புத்தகக் கட்டோடு ஏதாவது ஒரு லைனுக்குப் போவார். கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை: ஒரு வாசல், ஒரு பாய், எட்டு ஆம்பளைகள், கதவுக்குப் பின்னால் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பவுரிங்பேட்டை, ஜோலார்பேட்டை மாறித் திருப்பத்தூர். அங்கேயும் சங்கம் இருந்தது. சங்கத்தார் வீட்டில் சாப்பாடு, திண்ணையில் தூக்கம், திங்கள் ஷிப்டுக்குள் திரும்பிவிட வேண்டும். சம்பளம் கிடையாது. ஷிப்ட் மாற்றிக் கொடுக்கிற மேஸ்திரிக்கு வெற்றிலை பாக்குச் செலவு வேறு.

ஜனங்கள் அவரிடம் நிர்வாணத்தைப் பற்றிக் கேட்டதாக அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ‘உங்க முறையில கல்யாணம் பண்ணா சொந்தக்காரன் பந்திக்கு வருவானா?’, ‘செத்தா யார் மந்திரம் சொல்லுவாங்க?’, ‘ஆடி மாசம் கூழ் ஊத்தலாமா?’ இவைதான் கேள்விகள். கல்யாணத்துக்கு ஐயர் வேண்டாம், ஹோமம் வேண்டாம், சீலம் சொல்லித் தாலி கட்டினால் போதும் என்று அவர் பத்து லைனில் சொல்லிவிட்டார். பந்திக்கும் ஆள் வந்தது. கூழ் விஷயத்தில் மட்டும் தோற்றுப் போனார், அதுவும் சொந்த வீட்டில். ஆயா வருஷம் தவறாமல் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினாள். ‘குடிக்கலையா தாத்தா?’ என்றால், ‘கூழ் என்னடா பண்ணுச்சு’ என்று இரண்டாவது சொம்பு வாங்கிக் குடிப்பார்.

எல்லாம் அநித்தியம் என்ற பௌத்தப் பாடத்தை அவர் அதிகம் பேசுவதில்லை. அன்றைக்கெல்லாம் சுரங்கத்துக்குள் பாறை வெடித்து ஏர் பிளாஸ்ட் அடித்தால் இங்கே மேலே அலமாரியில் பாத்திரம் உருளும். எந்த வீட்டு ஆம்பளை கீழே இருக்கிறான் என்று லைன் முழுக்கக் கணக்கு ஓடும். ‘அதை நான் வேற சொல்லணுமா?’ என்பார்.

அதிகம் பேசியது இரண்டு சீலங்களைப் பற்றி. ஒன்று ஐந்தாவது, கள்ளும் சாராயமும். கூலி போடுகிற நாளில் சாராயக் கடைக்குப் பத்தடி தள்ளி நிற்பாராம். உள்ளே போகிறவனைத் தடுக்க மாட்டார். ‘வீட்ல அரிசி இருக்குதாப்பா?’ என்று மட்டும் கேட்பார். சிலர் திட்டினார்கள். சிலர் அடுத்த வாரம் வேறு கடைக்குப் போனார்கள். இரண்டொருவர் அரிசி வாங்கப் போனார்கள். இதை அவரே இந்தக் கணக்கில்தான் சொன்னார், கூட்டிச் சொல்லவில்லை.

மற்றொன்று இரண்டாவது சீலம். கொடுக்கப்படாததை எடுக்காதே.

இதை ஒரு தங்கச் சுரங்கத்தில் நின்று போதிப்பதை யோசித்துப் பாருங்கள். ஏறி வருகிறவனைத் தடவிப் பார்க்க வாசலில் ஆள். தலைத்துணியை அவிழ், வாயைத் திற. எவனோ ஒருவன் என்றைக்கோ கல் கடத்தினான் என்பதற்காக, தினமும் ஆயிரக்கணக்கான பேர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். சீலத்தாத்தாவும் நின்றார். சீலம் சொல்லிக்கொண்டு இறங்கியவரை, சீலம் காத்தாரா என்று ஒரு வாட்ச்மேன் மடியில் கைவிட்டுப் பார்த்தான். ‘அப்ப கோவம் வராதா?’ என்றேன். ‘வரும். அதுக்கும் சேர்த்துத்தான் காலைல உட்காருறது.’

பன்னிரண்டு வயதில் எனக்கு வாய் நீளம். ‘வெள்ளைக்காரன் நம்ம மண்ணைத் தோண்டி அள்ளிட்டுப் போனானே, அது களவு இல்லையா தாத்தா?’

அவர் உடனே பதில் சொல்லவில்லை. ‘இதே கேள்வியை மஸ்கம் லைன்ல ஒரு கூட்டத்துல ஒரு பையன் கேட்டான். லாம்புல எண்ணெய் தீர்ற வரைக்கும் பேசினோம். தீரல’ என்றார். கேள்வி தீரவில்லையா, எண்ணெய் தீரவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

1930இல் கம்பெனி ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தது. தொழிலாளிகள் எல்லாரும் கைரேகை பதிய வேண்டும். கைரேகை யாருடையது வாங்குவார்கள்? போலீஸ் ஸ்டேஷனில் திருடனுடையது. வயல் முழுக்க வேலை நின்றது. பௌத்தர், கிறிஸ்தவர், அம்மன் கோயில்காரர் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லா லைனும் வெளியே வந்து உட்கார்ந்தது. வாரக்கணக்கில் சங்கு ஊதியும் கூண்டு காலியாகவே தொங்கியது. அந்த வேலை நிறுத்தத்தைப் பௌத்த சங்கம் நடத்தியது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது மற்றவர்களுக்கு அநியாயம். சீலத்தாத்தா சொன்னது இவ்வளவுதான்: ‘நாலு வருஷமா லைன் லைனா போயி, நாம திருடக் கூடாதுன்னு பேசினேன். அந்த மாசம்தான் நாம திருடன் இல்லைன்னு பேசினேன். ரெண்டும் வேற வேறடா.’

தங்கவயலைத் தாண்டி இந்தச் சங்கம் எவ்வளவு தூரம் போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்க் கூலிகள் போன கப்பல் வழியிலேயே பத்திரிகையும் போயிற்று: ரங்கூன், தென்னாப்பிரிக்கா. டர்பன் நகரின் ஓவர்போர்ட்டில் 1917இல் ராஜாராம் தாஸ் என்பவர் சாக்கைய பௌத்த சங்கம் தொடங்கினார். கரும்புத் தோட்டத்துக்காரர்கள் பஞ்சசீலம் சொன்னார்கள். 1954இல் அம்பேத்கர் தங்கவயலுக்கு வந்தபோது, அவர் நாக்பூரில் தீட்சை எடுக்க இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அவரைப் பார்க்க நின்ற கூட்டத்தில் இரண்டு தலைமுறையாகப் பௌத்தராக இருந்த வீடுகள் இருந்தன. தாத்தா முன்வரிசையில் நின்றாராம். அம்பேத்கர் என்ன பேசினார் என்று கேட்டால், ‘மைக் சரியா கேக்கல’ என்பார்.

கடைசியாக ஒன்று. எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும். தாத்தாவுக்கு ஏதோ பணம் வர வேண்டியிருந்தது. ஓர் ஆபீசுக்குத் துணைக்குப் போனேன். பழைய சுரங்கத் தொழிலாளி என்று தெரிந்ததும், கிளார்க் தலை நிமிராமல் மை டப்பாவைத் தள்ளினார். கட்டை விரலைப் பிடிக்கக் கையும் நீட்டினார். தாத்தா கையைக் கொடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டார், காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினார். ஊர் முதலெழுத்து, அப்பா முதலெழுத்து, பிறகு தன் முழுப் பெயர், எல்லாம் தமிழில். எழுதி முடிக்க நேரமாயிற்று. பின்னால் வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

மை காய ஒரு தரம் ஊதிவிட்டு, பேனாவை மூடிப் பையில் செருகினார்.

‘வாடா, டீ குடிக்கலாம்’ என்றார்.

(தொடரும்)