அபராதத்தோடு முடிவதில்லை: அத்துமீறும் ஓட்டுநர்களுக்குக் காத்திருக்கிறது வகுப்பறை
உரிமம் திரும்பக் கிடைக்க மறுபயிற்சி கட்டாயம். தங்கவயல் போன்ற ஊர்களில் நடைமுறைக்கு வருவது எப்போது?

புது தில்லி: மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் 2019-ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, நாடெங்கும் பேசப்பட்டது அபராதத் தொகையைப் பற்றி மட்டுமே. ஹெல்மெட் அணியாவிட்டால் 1,000 ரூபாய், குடித்துவிட்டு வாகனம் ஓட்டினால் 10,000 ரூபாய் என்ற அறிவிப்புகள் பொதுமக்களை அதிர வைத்தன. குஜராத், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள் சில வாரங்களிலேயே பல அபராதங்களைக் குறைத்தன. இந்தப் பரபரப்பில், அதே சட்டத்தில் இடம்பெற்ற வேறொரு விதி அதிகம் கவனிக்கப்படாமலே போயிற்று.

சட்டத்தின் 19-ஆவது பிரிவில் சேர்க்கப்பட்ட அந்த விதி சொல்வது இதுதான்: அதிவேகம், ஆபத்தாக ஓட்டுதல், மது அருந்திவிட்டு ஓட்டுதல், சாலையில் பந்தயம் விடுதல், ஆம்புலன்ஸுக்கு வழிவிடாமை போன்ற குற்றங்களுக்காகக் காவல் துறையினர் உரிமத்தைக் கைப்பற்றி, உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்பலாம். சம்பந்தப்பட்டவரின் விளக்கத்தைக் கேட்ட பிறகு, முதல் குற்றத்துக்கு மூன்று மாதங்கள் அவரைத் தகுதி நீக்கம் செய்யலாம். அடுத்த குற்றத்துக்கு உரிமத்தையே ரத்து செய்யலாம். மூன்று மாதம் முடிந்துவிட்டாலும் உரிமம் தானாகத் திரும்பி வராது. ஓட்டுநர் மறுபயிற்சி வகுப்பை வெற்றிகரமாக முடித்தால் மட்டுமே திரும்பக் கிடைக்கும்.

பணம் கட்டிவிட்டு மறுநாளே அதே வேகத்தில் பறக்கும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைப்பதே இந்த விதியின் நோக்கம். ஆனால், தலைநகரில் எழுதப்பட்ட ஒரு விதி, தொலைதூர ஊர் ஒன்றில் ஆட்டோவோ டாக்ஸியோ ஓட்டிப் பிழைப்பவரை எவ்வாறு சென்றடையப் போகிறது என்ற கேள்விக்கு இன்னும் முழுமையான விடை கிடைக்கவில்லை.

தங்கச் சுரங்கம் மூடிய பிறகு...

கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் இந்தக் கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் நிர்வாகத்தில் பெரிய அளவில் தொடங்கிய சுரங்கத் தொழிலுக்காக, வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடியேறிய தமிழர்களின் வாரிசுகள் வாழும் ஊர் இது. அரசுத் துறை நிறுவனமான பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்ட பிறகு, ஊரின் வாழ்க்கையே பயணத்தை நம்பியதாக மாறியது. மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். வாகனம் ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களும் பலர் உண்டு.

இந்நிலையில்தான் சென்னை - பெங்களூர் விரைவுச் சாலை இப்பகுதிக்கு வந்து சேர்ந்தது. சுமார் 262 கி.மீ. நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட இச்சாலையில், ஹோஸ்கோட்டையிலிருந்து மாலூர், பங்காருப்பேட்டை வழியாக பேத்தமங்கலா வரையிலான சுமார் 71 கி.மீ. பகுதி 2024-ஆம் ஆண்டின் இறுதியில் போக்குவரத்துக்குத் திறந்து விடப்பட்டது. ராபர்ட்சன்பேட்டையின் குறுகலான தெருக்களில் ஓட்டிப் பழகியவர்கள், ஒரு மணி நேரத்துக்குள் வேகத்துக்கென்றே அமைக்கப்பட்ட சாலையில் ஏறிவிட முடிகிறது. சாலை மாறிய அளவுக்கு ஓட்டும் பழக்கமும் மாற வேண்டும் என்பதே சாலைப் பாதுகாப்பில் அக்கறை கொண்டோரின் கவலை.

கர்நாடகக் காவல் துறையும் இதை உணர்ந்தே இருக்கிறது. மணிக்கு 130 கி.மீ. வேகத்தைத் தாண்டி ஓட்டுவோர் மீது 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி முதல் குற்ற வழக்கே பதிவு செய்யப்படும் என்று அத்துறை அறிவித்தது. தண்டனை கடுமையாகிறது, ஆனால் தண்டிக்கப்பட்டவர் எதைக் கற்றுக்கொள்கிறார் என்பது தனிக் கேள்வி.

கோவை மருத்துவர் தொடுத்த வழக்கு

தவறு செய்த ஓட்டுநருக்குப் பாடம் நடத்த வேண்டும் என்ற கருத்து, நாடாளுமன்றத்துக்கு முன்பே உச்ச நீதிமன்றத்தின் வழியாக நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னணியில் இருப்பவர் கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன். சாலை விபத்துகளில் சிக்கி வருவோருக்கு நாள்தோறும் சிகிச்சை அளிக்கும் துறையைச் சேர்ந்த அவர், 2012-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தார். அம்மனு மீது 2014 ஏப்ரலில் உத்தரவிட்ட நீதிமன்றம், மத்திய, மாநில அரசுகளின் நடவடிக்கைகளைக் கண்காணிக்க நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு ஒன்றை அமைத்தது.

அக்குழு 2015 ஆகஸ்டில் அனைத்து மாநிலங்களுக்கும் பிறப்பித்த அறிவுறுத்தல் முக்கியமானது. அதிவேகம், சிவப்பு விளக்கை மீறுதல், மது அருந்திவிட்டு ஓட்டுதல், ஓட்டும்போது செல்போன் பேசுதல், சரக்கு வாகனத்தில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், ஆட்களை ஏற்றுதல் ஆகியவற்றுக்கு, குறைந்தது மூன்று மாதங்கள் உரிமத்தை நிறுத்தி வைக்குமாறு அது கூறியது. ஹெல்மெட், சீட் பெல்ட் அணியாதவர்களுக்கு அபராதம் விதிக்கும் முன், குறைந்தது இரண்டு மணி நேரம் சாலைப் பாதுகாப்பு குறித்து அறிவுரை வழங்க வேண்டும் என்றும் கூறியது.

இந்த இரண்டு மணி நேர வகுப்பின் தொடர்ச்சியாகவே 2019-ஆம் ஆண்டின் மறுபயிற்சி விதியைப் பார்க்க வேண்டும். இதற்கான இடமும் ஓரளவு திட்டமிடப்பட்டது. 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மைய விதிகளின்படி, அத்தகைய மையங்களில் வாகனம் ஓட்டுவதைப் போன்ற அனுபவம் தரும் சிமுலேட்டர் கருவியும், தனி ஓட்டுத்தளமும் இருக்க வேண்டும். மறுபயிற்சி வகுப்புகளையும் அங்கே பெறலாம்.

நீதிமன்றங்களின் புதுப்புது உத்தரவுகள்

இந்திய நடைமுறையில் மறுபயிற்சிக்கு அனுப்பும் அதிகாரம் பெரும்பாலும் உரிமம் வழங்கும் அதிகாரியிடமே உள்ளது. தண்டனையுடன் சேர்த்து உரிமத் தகுதியைப் பறிக்க, சட்டத்தின் 20-ஆவது பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் நீதிபதிகள் பலர், ஜாமீன் நிபந்தனை என்ற வாயில் வழியாகவும் பாடம் புகட்ட முயன்றிருக்கின்றனர்.

சென்னை உயர் நீதிமன்றம் 2022-ஆம் ஆண்டில் பிறப்பித்த உத்தரவுகள் இதற்குச் சான்று. மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டிய வழக்கில் ஜாமீன் கேட்ட இளைஞர், அடையாறு சந்திப்பில் காலையும் மாலையும் நின்று, குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர் என்னும் துண்டுப் பிரசுரங்களை இரண்டு வாரங்கள் வழங்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. மோட்டார் சைக்கிள் பந்தய வழக்கு ஒன்றில், அரசு மருத்துவமனையின் விபத்துச் சிகிச்சைப் பிரிவில் வார்டு பணியாளர்களுக்கு உதவுமாறு உத்தரவிடப்பட்டது. வேகத்தின் விளைவை நேரில் பார்த்தால் மனம் மாறும் என்பது இவ்வுத்தரவுகளின் நம்பிக்கை.

இத்தகைய முயற்சி எல்லா இடத்திலும் வரவேற்பைப் பெறவில்லை. புணேயில் 2024 மே மாதம் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய சொகுசு கார் மோதி இரண்டு மென்பொருள் பொறியாளர்கள் உயிரிழந்தனர். சாலை விபத்துகள் குறித்து 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது, சிறார் நீதி வாரியம் விதித்த ஜாமீன் நிபந்தனைகளில் ஒன்று. இரண்டு உயிர்களுக்கு ஒரு கட்டுரையா என்று நாடே கொதித்தது. சில நாள்களில் அந்த உத்தரவு மாற்றப்பட்டது.

உச்ச நீதிமன்றம் இதுபற்றி முன்பே எச்சரித்திருக்கிறது. பொறுப்பற்ற முறையில் வாகனம் ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்தியவர்களை நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் எளிதாக விடுவிக்கக் கூடாது என்று, ஹரியாணா மாநிலத்துக்கு எதிரான தல்பீர் சிங் வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே அது தெளிவுபடுத்தியது. ஆக, உயிர்ப்பலி நேர்ந்த பின் வகுப்பறை தண்டனைக்கு மாற்றாகாது. உயிர்ப்பலி நேரும் முன்பே, சிறிய விதிமீறலின்போதே, ஓட்டுநரைத் தடுத்து நிறுத்துவதுதான் வகுப்பறையின் வேலை.

அந்த வேலையின் அளவு சிறியதன்று. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் நாட்டில் 4,61,312 விபத்துகள் நேர்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். இந்த உயிரிழப்புகளில் பத்தில் ஏழுக்குக் காரணம் அதிவேகம்.

வெளிநாடுகளின் அனுபவம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மூர்க்கமாக வாகனம் ஓட்டுதல் தனிக் குற்றம். தண்டிக்கப்பட்டவர் போக்குவரத்துப் பாதுகாப்புப் பள்ளிக்குச் சென்றே தீர வேண்டும். பிரிட்டனில் மது அருந்திவிட்டு ஓட்டி ஓராண்டோ அதற்கு மேலோ தடை பெற்றவருக்கு, நீதிமன்றம் மறுவாழ்வு வகுப்பைப் பரிந்துரைக்கலாம். அதை முடித்தால் தடைக்காலம் நான்கில் ஒரு பங்கு வரை குறையும். ஜெர்மனியில் கடுமையான குற்றம் செய்தவர், உடல், உளத் தகுதிச் சோதனையில் தேறினால்தான் உரிமத்தைத் திரும்பப் பெற முடியும்.

வகுப்புகளால் பயன் உண்டா? பிரிட்டன் போக்குவரத்துத் துறைக்காக நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வு, அபராதம் மட்டும் செலுத்தியோரைவிட, வேகக் கட்டுப்பாட்டு வகுப்புக்குச் சென்றவர்கள் மீண்டும் அதே குற்றத்தைச் செய்வது குறைந்திருப்பதாகக் கூறியது. ஆனால் விபத்துகள் குறைந்ததற்கு உறுதியான ஆதாரம் அதில் கிடைக்கவில்லை. ஏற்கெனவே உரிமம் பெற்றவர்களுக்கான வகுப்புகள் குறித்த 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மருத்துவ ஆய்வு அமைப்பும், அவை விபத்துகளைத் தடுக்கின்றன என்பதற்குச் சான்று இல்லை என்றே முடிவு கூறியது.

எனவே, சொற்பொழிவு கேட்பதால் மட்டும் ஓட்டுநர் திருந்திவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. உரிமம் கையில் இல்லாத காலம், வகுப்பு, அதன்பின் சாலையில் தொடரும் கண்காணிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பலன் தெரியும். அண்டை மாநிலமான கேரளம், உரிமம் நிறுத்தப்பட்டவர்களை எடப்பாளில் உள்ள ஓட்டுநர் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பும் வழக்கத்தைக் கொண்டுள்ளது. பாடம் நடத்த ஓர் இடம் நிலையாக இருப்பதே அங்குள்ள வசதி.

சுரங்கம் கற்றுத் தந்த பாடம்

தங்கவயலுக்கு இந்தக் கருத்து புதிதன்று என்பதுதான் வியப்பு. மூன்று கி.மீ.க்கும் அதிக ஆழம் கொண்ட சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஒருவரின் கவனக்குறைவு பலரின் உயிரைக் குடித்துவிடும். தொழிலாளரைக் கூண்டில் ஏற்றிக் கீழே இறக்கும் வைண்டிங் இன்ஜின் ஓட்டுநர், தகுதிச் சான்றிதழ் இன்றி அந்த இருக்கையில் அமர முடியாது. கவனக்குறைவு நிரூபணமானால் அந்தச் சான்றிதழையே நிறுத்தி வைக்கச் சுரங்க விதிகளில் இடம் இருந்தது. 1966-ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள், புதிய தொழிலாளருக்கு மட்டுமின்றி, பழகிய தொழிலாளருக்கும் குறிப்பிட்ட கால இடைவெளியில் மறுபயிற்சியைக் கட்டாயமாக்கின. அந்த வகுப்புக்குச் செல்வதை எவரும் அவமானமாகக் கருதவில்லை. தொழிலின் ஒரு பகுதியாகவே அது இருந்தது.

தாத்தா பூமிக்கடியில் கடைப்பிடித்த ஒழுங்கைப் பேரன் சாலையில் கடைப்பிடிக்க வேண்டும் என்று கேட்பதுதான் இன்றைய சட்டம். அதற்கு அரசு செய்ய வேண்டியவையும் உண்டு. தங்கவயலுக்கென்று தனிக் காவல் மாவட்டமும், கே.ஏ.08 என்ற பதிவு எண் கொண்ட தனி வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் உள்ளன. ஆகவே உத்தரவு பிறப்பிப்பதில் சிக்கல் இல்லை. பயிற்சி அருகிலேயே கிடைக்க வேண்டும். தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்றும் புழங்கும் ஊரில், ஓட்டுநருக்குப் புரியும் மொழியில் வகுப்பு நடைபெற வேண்டும். மூன்று மாதம் முடியும் நாளுக்கு முன்பே வகுப்பை முடித்துவிட வாய்ப்பும் தரப்பட வேண்டும்.

இல்லையேல் பாதிக்கப்படுவது அன்றாடம் வண்டி ஓட்டி உழைப்பவர்தான். சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு மூன்று மாதத் தடை ஓர் அசௌகரியம்; வாடகை வண்டி ஓட்டுபவருக்கு அது மூன்று மாத வருமானம். வகுப்பு கிடைக்காமல் தடை நீண்டால், வயிற்றுப்பாட்டுக்காக அவர் உரிமம் இன்றியே வண்டியை எடுக்கக்கூடும். தகுதி நீக்கக் காலத்தில் ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம் என்கிறது சட்டம். திருத்துவதற்காக வந்த விதி, அடுத்த குற்றத்துக்குத் தள்ளும் விதியாகிவிடக் கூடாது.

உரிமம் நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் மறுபயிற்சி முடித்தவர்கள் எத்தனை பேர், மீண்டும் பிடிபட்டவர்கள் எத்தனை பேர் என்ற மூன்று எண்களையும் ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் ஆண்டுதோறும் வெளியிட்டால், இந்த விதி நடைமுறையில் இருக்கிறதா, ஏட்டில் மட்டும் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். விரைவுச் சாலை வாசலுக்கே வந்துவிட்ட தங்கவயல் மக்களுக்கு, அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு.