சுவருக்குள் சிறைப்பட்ட காற்று

மீன் விற்பவரின் தெர்மாக்கோல் பெட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெயிலிலும் அதனுள் பனிக்கட்டி விரைவில் உருகுவதில்லை. அதே முறையில் ஒரு வீட்டையே கட்டினால் என்ன?

தெர்மாக்கோல் என்பது பாலிஸ்டைரீன் நுரை. அதன் கன அளவில் சுமார் 98 சதவீதம் காற்றே. காற்று ஓர் அரிதில் கடத்தி. ஆனால் அது நகரும்போது வெப்பத்தைச் சுமந்து செல்கிறது. நுரையின் நுண்ணறைகளில் சிறைப்பட்ட காற்றோ நகர இயலாது. ஆகவே கடத்தல், சலனம் ஆகிய இரு வழிகளும் பெரிதும் தடைபடுகின்றன. கான்கிரீட் இந்நுரையைப்போல் சுமார் 40 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். எனவே 10 செ.மீ. தடிமனுள்ள நுரைக்கு ஈடாக 4 மீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் சுவர் தேவை!

இரு மரப்பலகைகளுக்கிடையே இந்நுரையை வைத்து ஒட்டி, சுவராகவும் கூரையாகவும் பயன்படுத்துகின்றனர். அமெரிக்காவில் 1950-களில் ஆல்டன் டௌ என்ற கட்டடக்கலைஞர் இவ்வாறு நுரைப்பலகை வீடுகளை அமைத்தார். குளிர்நாடுகளில் இத்தகைய வீட்டைச் சூடாக்கக் குறைந்த எரிபொருளே போதும். வெப்பநாடுகளில் குளிர்சாதனத்துக்கு ஆகும் மின்சாரம் குறையும்.

ஆனால், பலகைகள் சேருமிடத்தில் இடுக்கு இருந்தால்? அலாஸ்காவின் ஜூனோ நகரில் சில வீடுகளின் கூரைப்பலகைகள் மக்கிப்போனது 2001-இல் தெரியவந்தது. வீட்டினுள் இருந்த ஈரக்காற்று, சரியாக அடைக்கப்படாத இணைப்புகளின் வழியே கசிந்து, குளிர்ந்த வெளிப்பலகையில் நீராகப் படிந்ததே காரணம். குளிர்நீர் உள்ள தம்ளரின் வெளிப்புறத்தில் துளிகள் படிவதும் இவ்வாறுதான்.

பலகை எவ்வளவு நல்லதாயினும் இணைப்பு சரியில்லையேல் பயனில்லை. தெர்மாக்கோல் பெட்டியின் மூடியைச் சற்றே திறந்து வைத்துப் பாருங்கள். பனிக்கட்டியே விடை கூறும்.