எடை திரும்பினால் எல்லாம் முடிந்துவிட்டதா? அறுவை சிகிச்சைக்குப் பின் மீண்டும் எழுவது எப்படி?

“லட்சக்கணக்குல செலவு பண்ணி ஆபரேஷன் செஞ்சியேம்மா, மறுபடியும் உடம்பு போட்டுட்டியே!”

கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு மாமி சாதாரணமாகக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். கேட்டவருக்கு அது அடுத்த நிமிடமே மறந்துபோகும். கேட்கப்பட்டவருக்கோ அன்றிரவு தூக்கம் வராது. அடுத்த விருந்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவார். மருத்துவமனையில் கொடுத்த மறுபரிசோதனைத் தேதியையும் தள்ளிப்போடுவார். ‘இந்த உடம்போடு டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது?’ என்ற வெட்கம்.

உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சை இன்று நம் குடும்பங்களுக்கும் புதிதல்ல. சர்க்கரை நோய், மூட்டு வலி, தூக்கத்தில் மூச்சடைப்பு, குழந்தைப்பேற்றில் தாமதம் எனப் பல காரணங்களுக்காகச் செய்துகொள்கிறார்கள். முதல் ஆண்டில் எடை மளமளவென்று குறைகிறது. மாத்திரைகள் குறைகின்றன. பழைய உடைகள் தொளதொளக்கின்றன. பிறகு இரண்டாம், மூன்றாம் ஆண்டில் எடை மெல்ல ஏறத் தொடங்கும்போது, மனம் அதைவிட வேகமாக உடைந்துவிடுகிறது.

அப்படி உடைந்தவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும்தான் இந்தக் கட்டுரை. எடை ஓரளவு திரும்புவது ஒழுக்கக் குறைவு அல்ல. அதற்கு மருத்துவக் காரணங்கள் இருக்கின்றன, சிகிச்சையும் இருக்கிறது. அந்தச் சிகிச்சைக்குக் குறுக்கே நிற்பது பெரும்பாலும் வெட்கம்தான்.

அறுவை சிகிச்சை உடலுக்குள் என்ன செய்கிறது?

அதிகமாகச் செய்யப்படும் முறைகள் இரண்டு. ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கோ அதற்குச் சற்று மேலோ வெட்டி எடுக்கப்படுகிறது. மீதி ஒரு குழாய்போல் விடப்படுகிறது. ‘பைபாஸ்’ முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை மட்டும் உணவுக்காக ஒதுக்கப்படுகிறது. அதிலிருந்து உணவு, சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடாமல் அடுத்த பகுதிக்குப் போய்ச் சேரும்.

வயிறு சிறியதாவதால் மட்டும் எடை குறைவதில்லை. பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில்தான் சுரக்கிறது. ஸ்லீவ் முறையில் அந்தப் பகுதி அகற்றப்படுவதால் கிரெலின் குறைகிறது. ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் ‘ஜிஎல்பி-1’ போன்ற ஹார்மோன்கள், இவ்விரு அறுவை சிகிச்சைகளுக்குப் பின்னும் சாப்பிட்டவுடன் கூடுதலாகச் சுரக்கின்றன. முதல் ஆண்டில் பலருக்குப் பசியே தெரியாமல் இருப்பது இதனால்தான்.

இங்கேதான் ஒரு தவறான புரிதல் வருகிறது. அந்த ஓராண்டு வெற்றி முழுவதும் தன் மன உறுதியால் கிடைத்தது என்று நினைத்துவிடுகிறோம். அப்படி நினைத்தவர், பசி திரும்பும்போது ‘என் மன உறுதி போய்விட்டது’ என்று தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொள்கிறார். உண்மையில் இரண்டிலும் உடலுக்குப் பெரிய பங்கு உண்டு.

எடை ஏன் திரும்புகிறது?

இழந்த எடையை மீட்டுக்கொள்ள உடல் முயன்றுகொண்டே இருக்கும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், உடல் பருமன் உள்ள 50 பேர் 10 வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் சேர்க்கப்பட்டார்கள். ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும், அவர்களின் ஹார்மோன்கள் பசியைத் தூண்டும் பக்கமே சாய்ந்திருந்தன. அவர்கள் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அல்ல. அறுவை சிகிச்சை இந்த எதிர்ப்பைப் பெரிதும் தணிக்கிறது, ஆனால் அடியோடு அழித்துவிடுவதில்லை.

வேறு காரணங்களும் உண்டு. காலப்போக்கில் சிறு பையோ குழாயோ சற்று விரியலாம். கர்ப்பம், மாதவிடாய் நிற்கும் பருவம், தைராய்டு குறைபாடு, இரவு வேலை, தூக்கக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றுக்கும் பங்கு இருக்கலாம். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டக்கூடியவை.

அடுத்தது உணவு. அறுவை சிகிச்சைக்குப் பின் கோழித் துண்டும் மீனும் வயிற்றில் நின்று, சீக்கிரம் நிறைவு தரும். அவசரமாகச் சாப்பிட்டால் நெஞ்சில் அடைப்பதுபோல் வலிக்கும். டீயில் நனைத்த பிஸ்கட், ரஸ்க், மிக்சர், ஐஸ்கிரீம், சர்பத் ஆகியவை தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அதனால் பலர் தம்மை அறியாமலே இறைச்சியை விட்டு இவற்றின் பக்கம் நகர்கிறார்கள். ஒரு வேளையில் குறைவாகத்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் காலை முதல் இரவு வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏதாவது கொறித்துக்கொண்டே இருக்கிறார்கள். ‘நான் ஒன்றுமே சாப்பிடுவதில்லையே’ என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல. தட்டில் உட்கார்ந்து சாப்பிட்டது மட்டும்தான் அவர்கள் நினைவில் இருக்கிறது.

கணக்கைச் சரியாகப் போடுங்கள்

உதாரணத்துக்கு ஒரு சகோதரி. பைபாஸ் செய்துகொள்ளும்போது அவருடைய எடை 118 கிலோ. ஒன்றரை ஆண்டில் 78 கிலோவுக்கு வந்தார். ஐந்தாம் ஆண்டில் 90 கிலோ. ‘12 கிலோ ஏறிவிட்டது, எல்லாம் வீண்’ என்று அழுகிறார்.

அவர் 78-லிருந்து கணக்குப் போடுகிறார். 118-லிருந்து போட்டுப் பார்க்கட்டும். குறைத்த 40 கிலோவில் 28 கிலோ இன்னும் குறைந்தே இருக்கிறது. அது அவருடைய முதல் எடையில் கிட்டத்தட்ட 24 சதவீதம்.

இது தேற்றுவதற்காகச் சொல்லும் கணக்கு அல்ல. சுவீடனில் 1987-ல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று, எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அதன் முடிவுகள் 2007-ல் வெளியாயின. பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்திருந்தார்கள். 10 ஆண்டு முடிவில் அந்த இழப்பு 25 சதவீதமாக இருந்தது. அதாவது ஓரளவு எடை திரும்புவது, சராசரி மனிதருக்கே நடப்பது. அப்படித் திரும்பிய பிறகும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே மரண விகிதம், செய்யாதவர்களைவிடக் குறைவாக இருந்தது என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

ஆகவே அந்தச் சகோதரி தோற்றுவிடவில்லை. இந்தச் சிகிச்சையின் இயல்பான பாதையில்தான் நிற்கிறார். ஆனால் அங்கேயே கண்ணை மூடிக்கொண்டால் 90 என்பது 100 ஆகலாம். கவனிக்க வேண்டிய நேரம் இதுதான்.

ஊக்கம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

‘மனசு வரட்டும், ஆரம்பிக்கிறேன்’, ‘ரமளான் முடியட்டும்’, ‘கல்யாண சீசன் போகட்டும்’ என்று சொல்லிக்கொண்டே மாதங்கள் ஓடிவிடும். ஊக்கம் முதலில் வந்து செயல் பிறகு வரும் என்று எண்ணுகிறோம். நடைமுறையில் பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கிறது. சிறிய செயல் ஒன்றைச் செய்து முடித்த திருப்திதான் அடுத்ததைச் செய்யத் தூண்டும்.

எனவே ‘மூன்று மாதத்தில் 12 கிலோவையும் குறைப்பேன்’ என்று சபதம் எடுக்க வேண்டாம். இந்த வாரத்துக்கு ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு உணவுக்குப் பின் 15 நிமிடம் நடப்பது, அல்லது டீயில் சர்க்கரையை நிறுத்துவது. அது பழகியபின் அடுத்தது. தினமும் எடை பார்த்து மனம் நோகிறவர்கள் வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலையில் பார்த்தால் போதும்.

ஒருநாள் தவறிவிட்டால் அந்த வாரத்தையே கைவிட வேண்டியதில்லை. அடுத்த வேளை உணவிலிருந்தே திரும்பத் தொடங்கலாம்.

முதல் அடி மருத்துவரிடம்

எல்லாவற்றுக்கும் முந்திய சிறிய செயல், தள்ளிப்போட்ட அந்த மறுபரிசோதனைக்குப் போவது. தொடர்ந்து மருத்துவரைப் பார்த்து வருகிறவர்கள், பார்க்காதவர்களைவிட எடையைச் சிறப்பாகத் தக்கவைத்துக்கொள்கிறார்கள். அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் வெளியூரிலோ வளைகுடாவிலோ இருந்தால், டிஸ்சார்ஜ் குறிப்புகளை எடுத்துக்கொண்டு இங்குள்ள பேரியாட்ரிக் மருத்துவரையோ ஹார்மோன் சிகிச்சை நிபுணரையோ பாருங்கள்.

போகும்போது ஒரு வாரம் சாப்பிட்டதையும் குடித்ததையும் எழுதிக்கொண்டு போங்கள். சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரும் இருக்கட்டும். தைராய்டு, சர்க்கரை, இரும்புச்சத்து, வைட்டமின் பி12, வைட்டமின் டி ஆகியவற்றைப் பரிசோதிப்பது வழக்கம். தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி மூலம் இரைப்பையின் நிலையையும் பார்ப்பார்கள்.

உணவுத் திருத்தம் மட்டும் போதாதவர்களுக்கு மருந்துகளும் உண்டு. லண்டனில் நடந்து 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், அறுவை சிகிச்சைக்குப் பின் எதிர்பார்த்த அளவு எடை குறையாத 70 பேர் பங்கேற்றார்கள். 24 வாரம் ‘லிராகுளூடைடு’ ஊசி போட்டவர்களுக்குச் சராசரியாக 9 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக எடை இறங்கியது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கு அரை சதவீத அளவே இறங்கியது. சிலருக்கு மறு அறுவை சிகிச்சையும் பொருந்தலாம். எது யாருக்கு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். துபாயிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி ஊசி வாங்கித் தாமாகப் போட்டுக்கொள்வது ஆபத்து. கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் இந்த ஊசிகளைத் தவிர்க்க வேண்டும்.

பட்டினி கிடப்பதும் மருந்தாகாது. இவர்களுக்கு ஏற்கெனவே சத்துக் குறைபாடு வரும் வாய்ப்பு அதிகம். வைட்டமின் மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தேவை. விடாத வாந்தி, கை கால் மரத்துப்போதல், கடும் சோர்வு இருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம் சமையலறையில் என்ன மாற்றலாம்?

புரதம் முதலில். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பது பொதுவான அறிவுரை. இரண்டு முட்டையில் சுமார் 12 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் சுமார் 20, கோழி 100 கிராமில் சுமார் 25. ஒரு கிண்ணம் தயிரோ பருப்போ சேர்த்தால் கணக்கு நிறைந்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரியாணி வந்தால் முதலில் கறியைச் சாப்பிடுங்கள், பிறகு தயிர்ப் பச்சடி, கடைசியில் இடமிருந்தால் சோறு. நன்றாக மென்று, மெதுவாகச் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல், அரை மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது.

டீயைக் கவனியுங்கள். ஒரு தேக்கரண்டி சர்க்கரையில் சுமார் 16 கலோரி. ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் சர்க்கரையில் மட்டும் 160 கலோரி. கூட வரும் பிஸ்கட் தனிக் கணக்கு.

நோன்பு நோற்கலாமா?

பலரும் கேட்கும் கேள்வி இது. அறுவை சிகிச்சை முடிந்த ஆரம்ப மாதங்களில் நோன்பு பொருத்தமாக இருக்காது. அதன்பின் உடல்நிலையைப் பொறுத்து மருத்துவர் அனுமதிக்கலாம். சிறிய வயிற்றில் ஒரே நேரத்தில் நிறையத் தண்ணீர் கொள்ளாது என்பதால், இஃப்தாரிலிருந்து ஸஹர் வரை சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். பைபாஸ் செய்தவர்கள் இனிப்பை அதிகமாகச் சாப்பிட்டால் வியர்வை, படபடப்பு, மயக்கம் வரலாம். பேரீச்சம்பழம் ஒன்று போதும். கஞ்சியோடு சமோசாவும் வடையும் சேர்ந்தால் புரதத்துக்கு இடமிருக்காது.

நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை இவர்களுக்கும் உரியது. மருத்துவர் தடுத்தும் பிறர் பேச்சுக்கு அஞ்சி நோன்பு வைப்பது நன்மை தேடும் வழியல்ல. எடையைக் குறைப்பதற்காகவே நோன்பை ஒரு டயட்டாக ஆக்கிக்கொள்வதும் சரியல்ல.

குடும்பத்தாருக்கு

பிணக்குத் தீர்க்க ஜமாஅத்துக்கு வரும் தம்பதியரில் சிலருடைய பேச்சு, கடைசியில் மனைவியின் உடம்பைப் பற்றிக் கணவர் சொன்ன ஒரு சொல்லில் வந்து நிற்பதுண்டு. ‘நஃப்ஸை அடக்கத் தெரியாதவள்’ என்று சொல்வது எளிது. நோயில் இருப்பவரைப் பாவத்தில் இருப்பவர்போல் பேசும் உரிமையை யாரும் நமக்குத் தரவில்லை. ஒருவர் இல்லாத இடத்தில் அவர் உடம்பைப் பற்றிப் பேசுவது புறம்தான், அது பந்தியில் நடந்தாலும் சரி.

கேலி செய்தால் எடை குறையாது. ஒளிந்து சாப்பிடும் பழக்கம்தான் வளரும். ‘இன்னும் கொஞ்சம் வை’ என்று தட்டில் அள்ளிப் போடும் அன்பும் இவர்களுக்குச் சோதனைதான். வீட்டில் மிக்சர் டப்பாவை எல்லோருக்குமாகக் குறைத்துக்கொள்ளலாம். மகன் உம்மாவோடு மாலையில் நடக்கப் போகலாம். கணவர், ‘வா, டாக்டரிடம் நானும் வருகிறேன்’ என்று சொல்லலாம். பல பெண்கள் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

எடை ஏறிவிட்டதே என்று மறைந்து வாழும் சகோதர சகோதரிகளே! உடல் இறைவன் தந்த அமானிதம். அதைத் திரும்பப் பேணத் தொடங்குவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. மருத்துவமனைக்கு இன்று ஒரு போன் செய்து தேதி வாங்குங்கள். மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம், இன்ஷா அல்லாஹ்.