வண்டி ஏன் குலுங்குகிறது?

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குச் சாலை போகிறது. அதில் பழைய கார்களும் ஓடுகின்றன. சில குடும்பங்களுக்கு அந்தக் கார்தான் சோறு போடுகிறது.

ஒரு நாள் கார் குலுங்குகிறது. மேட்டில் இழுக்கவில்லை. பெட்ரோல் அதிகம் செலவாகிறது. "எஞ்சின் மிஸ்ஸிங்" என்கிறார் மெக்கானிக். எஞ்சினையே பிரிக்க வேண்டுமா? பொறுங்கள். முதலில் விவரம் தெரிந்துகொள்வோம்.

மாருதி 800 காரை எடுத்துக்கொள்வோம். அது 1983-இல் வந்தது. 2014-இல் உற்பத்தி நின்றது. அதன் எஞ்சினில் மூன்று சிலிண்டர்கள் உண்டு. இது சமையல் கேஸ் சிலிண்டர் அல்ல. எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும் அறை.

மூன்று பேர் ஒரு மரத்தடியைச் சுமக்கிறார்கள். ஒருவர் தோளை எடுத்துவிட்டால் மற்ற இருவரும் தள்ளாடுவார்கள். ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாவிட்டாலும் அப்படித்தான். அதுவே மிஸ்ஸிங்.

பெட்ரோல் எரிய மூன்று தேவை:

1. பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலக்க வேண்டும்.
2. அந்தக் கலவை நன்றாக அழுத்தப்பட வேண்டும்.
3. சரியான நேரத்தில் தீப்பொறி வர வேண்டும். இதைத் தருவது பிளக்.

எந்தச் சிலிண்டரில் கோளாறு? கார்புரேட்டர் உள்ள பழைய காரில், எஞ்சின் ஓடும்போது மெக்கானிக் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் குலுக்கம் கூடும். கெட்டதைக் கழற்றினால் மாற்றமே இருக்காது. நாம் இதைச் செய்யக் கூடாது. அந்த வயரில் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் பாயும்.

பிறகு அந்தப் பிளக்கை வேறு சிலிண்டரில் மாட்ட வேண்டும். கோளாறும் கூடவே போனால் பிளக்தான் கெட்டது. புதுப் பிளக் போதும். போகாவிட்டால் வயரைப் பார்க்க வேண்டும். அதன் பிறகே அழுத்தத்தை மீட்டர் வைத்து அளக்க வேண்டும். அழுத்தம் குறைவாக இருந்தால்தான் எஞ்சினைப் பிரிக்கும் பேச்சே வரும்.

பிளக்கின் நிறமும் பேசும். இளம் பழுப்பு என்றால் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது தீப்பொறி பலவீனம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எஞ்சின் ஆயில் உள்ளே கசிகிறது.

புதிய கார்களில் வயரைக் கழற்றிப் பார்க்கக் கூடாது. அவற்றில் கம்ப்யூட்டர் உண்டு. கருவியை இணைத்தால் எண் காட்டும். பி0302 என்றால் இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஸிங். எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள விலை உயர்ந்த பாகத்தைக் கெடுத்துவிடும்.

பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்:

எந்தச் சிலிண்டர்?
பிளக்கை மாற்றிப் பார்த்தீர்களா?
அழுத்தம் எவ்வளவு?