காற்றே மலையான பாதை



யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் மலை கிடையாது. ஆறும் கிடையாது, ஆகவே ஆற்றை மறித்து வெட்டிய கால்வாயும் கிடையாது. பெயரிலே மலையைக் கொண்ட கீரிமலைக்குச் சென்று பார்த்தாலும், அங்கே நாம் காண்பது கடலை ஒட்டிய சுண்ணாம்புக் கற்பாறையும் ஒரு கேணியுந்தான். இத்தகைய சமதரையில் துவிச்சக்கரவண்டி ஓட்டுவதினும் எளிய காரியம் வேறொன்றுண்டோ என்று வெளியூரார் எண்ணுவது இயல்பே. அவ்வாறு எண்ணிக்கொண்டு ஆடி மாதத்தில் ஒருநாள் முற்பகல் பதினொரு மணிக்கு யாழ்ப்பாண நகரிலிருந்து புங்குடுதீவுக்குப் புறப்பட்டவர், பண்ணைப் பாலத்தைக் கடக்குமுன்னரே தம் எண்ணத்தை மாற்றிக்கொள்வார்.

பாதையை முதலிற் கூறிவிடுகிறேன். யாழ்ப்பாணக் கோட்டையின் அருகிலிருந்து பண்ணைக் கடல்வீதி தென்மேற்காகச் செல்கிறது. இருபுறமும் ஆழமற்ற பரவைக்கடல். மீனவர் நாட்டியிருக்கும் களங்கட்டிகளின் தடிவரிசைகள் நீரிலே கோலமிட்டாற்போல் தோன்றும். மாரிக்குப் பின்வரும் மாதங்களிற் சென்றால், செந்நிறச் சிறகுடைய பூநாரைகள் கூட்டங்கூட்டமாக நிற்பதையும் காணலாம். மண்டைதீவுச் சந்தியைத் தாண்டி அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று ஊர்கள் வருகின்றன. வேலணையிலே வீதி பிரிகிறது. ஒரு கிளை வடமேற்கே ஊர்காவற்றுறைக்குப் போகிறது. மற்றொன்று மீண்டும் கடலுக்குள் இறங்கிப் புங்குடுதீவை அடைகிறது. புங்குடுதீவை ஊடறுத்து மேற்குக் கரைக்குச் சென்றால் குறிகட்டுவான் இறங்குதுறை. நகரிலிருந்து அதுவரை ஏறக்குறைய 30 கிலோமீற்றர். அதற்கப்பால் வீதியில்லை, படகுதான்.

இந்த 30 கிலோமீற்றரையும் தூரக்கணக்கால் அளப்பவர் ஏமாறுவார். இங்கே கணக்கு காற்றினுடையது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசுகிறது. ஐப்பசி, கார்த்திகைக்குப் பின் வடகிழக்கிலிருந்து வாடை வருகிறது. இரண்டு கடல்வீதிகளும் ஏறத்தாழ வடகிழக்குத் தென்மேற்காகவே கிடப்பதால், இவ்விரு காற்றுகளும் பாதையின் நீளத்துக்கே வீசுகின்றன. சோளகக் காலத்திலே போகும்போது காற்று முகத்தில் அறையும். திரும்பும்போது முதுகைத் தள்ளும். வாடைக் காலத்தில் இதற்கு நேர்மாறு. இரண்டினுள் வாடைக்காலமே ஏமாற்றுவது. காலையில் பெடலை மிதியாமலே வண்டி ஓடுவதுபோல் இருக்கும். ‘நான் இவ்வளவு வல்லவனா’ என்று ஓட்டுபவருக்கு ஒரு பெருமிதம் பிறக்கும். மாலையில், களைத்த கால்களோடு, அந்தப் பெருமிதத்துக்கு வட்டி கட்டவேண்டும்.

எதிர்காற்று ஏன் இவ்வளவு கொடியது? காற்றின் தடை வேகத்தோடு ஒரே அளவில் வளர்வதில்லை. வேகத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. அசையாத காற்றில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் ஒருவர் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே வேகமுடைய காற்று அவருக்கு எதிரே வீசினால், அவர் உடல்மேல் மோதும் காற்றின் வேகம் 30 கிலோமீற்றர். வேகம் இரட்டித்தது, தடையோ நான்கு மடங்காயிற்று. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் நம்மூர் வண்டியில், காற்றிலே பறக்கும் சாரமோ சேலைத்தலைப்போ இருந்தால், அது பாய்மரத்தின் வேலையைச் செய்யும். ஆனால் போகவேண்டிய திசைக்கு எதிராகச் செய்யும்! மலையேற்றத்துக்காவது ஓர் உச்சியுண்டு. உச்சிக்கு அப்பால் இறக்கமுண்டு. எதிர்காற்றுக்கு உச்சி கிடையாது. கடல்வீதி முடியுமட்டும் அது விடாது. அனுபவமுள்ள தீவார் இதனாலேயே வெயில் ஏறுமுன் புறப்படுகின்றனர். காலையில் தரை சூடேறாத வேளையிற் சோளகமும் சற்றே தளர்ந்திருக்கும்.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையான பொருத்தத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், நமது தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத்தீவு லைடன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. புங்குடுதீவுக்கு அவர்கள் வைத்த பெயர் மிடில்பேர்க். ஒல்லாந்தும் மேடற்ற நாடு. அங்கே கால்வாய்க் கரைகளிலும் கடலணைகளின் மேலும் துவிச்சக்கரவண்டிக்கென்றே பாதை அமைத்திருக்கிறார்கள். அந்நாட்டாருக்கும் எதிர்காற்றுத்தான் மலை. மெய்யான மிடில்பேர்க் நகரம் சீலாந்து மாகாணத்தின் தலைநகர். அந்த மாகாணத்துக் கடலணையொன்றின்மீது 2013ஆம் ஆண்டு முதல், புயல்காற்று வீசும் நாளாகப் பார்த்து, எதிர்காற்றிலே துவிச்சக்கரவண்டி ஓட்டும் போட்டி நடத்துகிறார்கள். தூரம் எட்டரைக் கிலோமீற்றர். பற்சக்கரம் மாற்றும் வசதியில்லாத, நிமிர்ந்து அமரும் சாதாரண வண்டிகளே அதில் அனுமதிக்கப்படும். நமது மிடில்பேர்க்கிலே பள்ளிக்கூடப் பிள்ளைகள் சோளகக் காலம் முழுவதும் இதே வித்தையைப் பரிசு எதுவுமின்றிச் செய்துவருகிறார்கள்.

வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலுள்ள கடல்வீதியை ஊரார் வாணர் பாலம் என்பர். அது அமையவேண்டுமென்று பாடுபட்ட ஊர்க்காரரின் பெயரை அவ்வாறு நிலைநிறுத்தியிருக்கிறார்கள். அதன் அருமையை உணர, அது இல்லாத காலத்தை எண்ணிப்பார்க்கவேண்டும். அந்நாளில் நோயாளியைக் கொண்டுசெல்வதானாலும், சந்தைக்குப் புகையிலை கொண்டுசெல்வதானாலும், மேற்படிப்புக்குப் பிள்ளையை அனுப்புவதானாலும், தோணியும் காற்றும் தோணிக்காரரும் ஒருங்கே வாய்க்கவேண்டும். பாலம் வந்தபின், சொந்தமாக ஒரு துவிச்சக்கரவண்டி உள்ளவன் யாரையும் காத்திராமல் தான் நினைத்த நேரத்தில் நகரை அடையலாம் என்ற நிலை பிறந்தது. மோட்டார் வாங்க வசதியற்ற குடும்பத்துக்கு அப்பாலத்தை உரிமையாக்கியது அந்த இருசக்கரந்தான்.

ஆனால் அந்தக் கடல்வீதி ஒடுக்கமானது. ஓரத்தில் ஒதுங்க இடம் குறைவு. நயினாதீவுக்குச் செல்லும் யாத்திரிகரை ஏற்றிய பெரிய பஸ் வண்டிகள், படகு நேரத்தைப் பிடிக்கும் அவசரத்தில் விரைந்து வருகின்றன. பக்கவாட்டில் காற்றடிக்கும்போது ஓட்டுபவர் தம்மையறியாமலே காற்றின் பக்கம் சாய்ந்து சமாளித்திருப்பார். பெரிய வண்டியொன்று அருகே கடக்கையில் காற்று ஒரு கணம் மறைபடும். மறுகணம் மீண்டும் அறையும். அந்த இரு கணங்களிலும் வண்டி தடுமாறும். பின்னால் பஸ்ஸின் ஒலி கேட்டதும் இறங்கி நிற்பதிற் கோழைத்தனம் ஒன்றுமில்லை. இந்த வீதியைத் திருத்துவோர், துவிச்சக்கரவண்டிக்கென்று ஓரத்தில் ஒரு முழ அகலமேனும் கூட்டிக் கொடுப்பார்களாயின், அது யாத்திரிகருக்கும் நன்மை, ஊராருக்கோ உயிர்க்காப்பு.

இனித் தண்ணீர். தீவுகளின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் துளைகளில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறும். புங்குடுதீவின் கிணறுகளிற் பல உவர்ப்பானவை. நல்ல கிணறு எங்கே இருக்கிறது என்பதை ஊரிலே குழந்தையும் அறியும். வேலணைத் தென்கரையில் சாட்டியின் மணற்பாங்கான நிலம் நன்னீருக்குப் பெயர்போனது. வண்டியின் கரியரில் இருபுறமும் கான்களைக் கட்டித் தொங்கவிட்டு, நீர் தளும்பாமல் ஓட்டிச்செல்லும் ஒருவரை இவ்வீதிகளிற் கண்டால், வழிவிட்டு நில்லுங்கள். அவர் கொண்டுபோவது ஒரு வீட்டின் அன்றைய குடிநீர்.

நன்னீர் அரிதான ஊரில் கிணற்றுக்கட்டு வெறும் கல்லன்று. யார் அள்ளலாம், யார் காத்து நிற்கவேண்டும் என்ற கேள்வியும் அங்கேயே நிற்கிறது. புங்குடுதீவில் பிறந்த எழுத்தாளரும் ஆசிரியருமாகிய மு. தளையசிங்கம், ஒடுக்கப்பட்ட மக்களும் நன்னீர்க் கிணற்றில் நீர் அள்ளும் உரிமை பெறவேண்டுமென்று 1971இல் அவர்களோடு நின்று போராடினார். பொலிசாரின் தாக்குதலுக்கும் உள்ளானார். 1973இல், நாற்பது வயதை எட்டுமுன், அவர் காலமானார். ஆகவே இப்பாதையிற் செல்பவர் தமக்குவேண்டிய குடிநீரைத் தாமே கொண்டுசெல்வது வசதிக்காக மட்டுமன்று.

புங்குடுதீவின் வட்டாரங்களினூடே செல்லும்போது, பூட்டிய வீடுகளும், கூரையிழந்த சுவர்களுக்குள் வளர்ந்த வடலிகளும் கண்ணிற் படும். 1990ஆம், 1991ஆம் ஆண்டுகளிலே போரினால் தீவார் பெருந்தொகையினராக இடம்பெயர்ந்தனர். பலர் கொழும்புக்கும், பின் கனடா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளுக்கும் சென்று அங்கேயே வேரூன்றினர். குடாநாட்டுக்குள் எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்த அந்த ஆண்டுகளில், விறகும் நெல்மூடையும் நோயாளியும் துவிச்சக்கரவண்டியிலேயே சென்றனர். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டு வெளியேறியபோது, கால்நடையாகச் சென்றவர்களிற் பலர் தம் உடைமைகளைச் சுமத்தி உருட்டிச்சென்றதும் அதைத்தான். 2022இல் நாடெங்கும் பெற்றோல் தட்டுப்பட்டபோது கொழும்பு நகரத்தார் துவிச்சக்கரவண்டியைப் புதிதாகக் கண்டுபிடித்தவர்போல் பேசினார்கள். யாழ்ப்பாணத்தார் சிரித்துக்கொண்டே பழைய லுமாலாவுக்கு எண்ணெய் விட்டார்கள்.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகில் கால் மணி நேரமளவு ஆகும். நாகபூசணி அம்மன் கோயிலையும் நாகவிகாரையையும் நடந்தே பார்த்துவிடலாம். வண்டியைத் துறையிலே விட்டுச் செல்வது நலம். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கே வண்டியைக் கொண்டுசெல்வது பயனுள்ளது. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அத்தீவில், முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய மதில்களினிடையே பாதைகள் ஓடுகின்றன. வெட்டவெளியிலே, ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் மேய்கின்றன. பருத்த பெருக்கமரமொன்றும் உண்டு. நெருஞ்சி முள்ளும் உண்டு. ரியூப்புக்கு ஒட்டுப்போடும் பசையும் பம்பும் இல்லாமற் போகாதீர்கள். அப்படகுப் பயணத்தைத் தீவார் விளையாட்டாக நினைப்பதில்லை. நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிலே 1985 மே 15ஆம் நாள் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதன் நினைவு அத்தீவில் இன்றும் ஆண்டுதோறும் அனுட்டிக்கப்படுகிறது.

நெடுந்தீவின் மேற்குக் கரையில் நின்றால் எதிரே இருப்பது இந்திய எல்லை. 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பாக்குநீரிணையில் வகுத்த அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை; இரவில் மீன்பிடி வள்ளங்களின் விளக்குகள்தான் தெரியும். கச்சதீவு அக்கோட்டின் இப்பக்கத்தே நெடுந்தீவுப் பிரிவைச் சேர்ந்தது.

ஒரே நாளில் வீடு திரும்ப விரும்புவோர், வேலணையில் ஊர்காவற்றுறைக் கிளையைப் பிடிக்கலாம். சரவணை, நாரந்தனை, கரம்பொன் வழியாக ஊர்காவற்றுறையை அடைந்து, கடற்கோட்டையைப் பார்த்தவாறு பாதைப்படகில் காரைநகருக்குக் கடக்கலாம். அங்கிருந்து பொன்னாலைக் கடல்வீதி மீண்டும் குடாநாட்டிற் கொண்டுவந்து சேர்க்கும். இவ்வட்டத்திலே காற்று ஒருமுறையாவது முகத்தில் அடிக்கும். ஒருமுறையாவது முதுகைத் தள்ளும். சோளகக் காலமாயின் வேலணைப் பக்கமாகப் போய்ப் பொன்னாலைப் பக்கமாக வாருங்கள். வாடைக் காலமாயின் மறுதலையாக. எப்படியாயினும், புறப்படுமுன் பாதைப்படகு ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.